பீட்டா எச்.சி.ஜி (கர்ப்ப ஹார்மோன்) அளவு இறங்கி வந்து பாதியில் நின்றுவிட்டது. கர்ப்பமே இல்லாதபோது கீமோ ஊசி எதற்கு?

செம்பருத்தி (பட்டர்வொர்த்)

எல்லோருக்கும் வணக்கம். தம்பி மனைவிக்காக எழுதுகிறேன். வயது 27, முதல் கர்ப்பம். பத்தாவது வாரத்தில் ரத்தப்போக்கு. ஸ்கேன் எடுத்தால் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்றார்கள். குழந்தை உருவாகவே இல்லையாம், நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் கொத்து மாதிரி குமிழ் குமிழாக வளர்ந்திருந்தது. பினாங்குத் தீவில் ஜெனரல் ஆஸ்பத்திரியில் உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். திசுப் பரிசோதனையிலும் முழு முத்துப்பிள்ளை என்றே வந்தது.

அதிலிருந்து வாரா வாரம் பீட்டா எச்.சி.ஜி எடுக்கிறார்கள். சுத்தம் செய்வதற்கு முன்னால் 214,000. அப்புறம் வரிசையாக 9,800, 1,420, 610, 588, 602, 595.

இப்போது டாக்டர் மெத்தோட்ரெக்சேட் ஊசி போடவேண்டும் என்கிறார். கூகுளில் தேடினால் புற்றுநோய் மருந்து என்று வருகிறது. "வயிற்றில் ஒன்றுமே இல்லை என்றுதானே சொன்னார்கள், பிறகு எதற்கு அந்த ஊசி?" என்று அம்மா ஒரே அழுகை. 602 வந்ததற்கு இரண்டு நாள் கழித்து தம்பி பிறையில் ஒரு தனியார் லேபில் எடுத்துப் பார்த்தான். அங்கே 541. "குறைகிறது பார், இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம்" என்கிறான். பொறுக்கலாமா? இங்கே லேபில், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

மிளகாய்ப்பொடி

பயப்படாதீர்கள் சிஸ். என் ஓர்ப்படிக்கும் இதேதான் வந்தது. ஊசி கீசி எதுவும் போடவில்லை, தானாகவே பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. இப்போது இரண்டு பிள்ளைகள். கீமோ என்றால் முடி கொட்டும், கருப்பையே கெட்டுவிடும் என்பார்கள். கருஞ்சீரகம் கொதிக்கவைத்துக் கொடுத்துப் பாருங்கள், மிச்சம் மீதி இருந்தால் கழிந்துவிடும். வேறு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

லேப்கோட்டு (ஜார்ஜ்டவுன்)

கருஞ்சீரகத்தை ரசத்தோடு நிறுத்திக்கொள்வோம். வேறு டாக்டரைக் கேட்பது நல்லதுதான், ஆனால் இந்த வாரமே கேளுங்கள், அடுத்த மாதம் வேண்டாம்.

நான் மருத்துவர் இல்லை. இந்தக் குழாய்களைச் சுற்றவிட்டு எந்திரத்தில் ஏற்றுகிறவன். ஹார்மோன் பிரிவில்தான் பாதி ஆயுள் போயிருக்கிறது. அதனால் எண்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் அந்த 541. அது இறக்கம் இல்லை. எச்.சி.ஜி என்பது இரண்டு சங்கிலி சேர்ந்த புரதம். ஆல்ஃபா சங்கிலி தைராய்டைத் தூண்டும் ஹார்மோனிலும் உண்டு, சினைப்பையைத் தூண்டும் எல்.எச், எஃப்.எஸ்.எச் இரண்டிலும் உண்டு. பீட்டாதான் இதற்கே உரியது, அதனால்தான் அதைக் குறிவைத்து அளக்கிறோம். ரத்தத்தில் அது ஒரே உருவத்தில் சுற்றுவதும் இல்லை. முழுசாக இருப்பது, அறுந்தது, தனி பீட்டா, சர்க்கரை கூடுதலாக ஒட்டியது என்று பல உருவங்கள். முத்துப்பிள்ளையிலும் புற்றிலும் இந்த விதவிதமான உருவங்கள் அதிகம். ஒவ்வொரு கம்பெனியின் எந்திரமும் இவற்றில் சிலதை நன்றாகப் பிடிக்கும், சிலதைக் கோட்டைவிடும். ஒரே ரத்தத்தை இரண்டு லேபுக்கு அனுப்பினால் 600ம் 540ம் வருவது எங்களுக்கு அன்றாடம். இதில் எது சரி என்று கேட்டால், இரண்டும் சரி. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடக்கூடாது, அவ்வளவுதான். அதனால் அந்த 541ஐ வரிசையில் சேர்க்காதீர்கள். ஆஸ்பத்திரி எண்களை மட்டும் ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள்.

அப்படி எழுதினால் தெரிவது 610, 588, 602, 595. உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ வைத்திருக்கும் விதி இது: முத்துப்பிள்ளையைச் சுத்தம் செய்த பிறகு, மூன்று வாரமோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுத்த நான்கு அளவுகள், அதாவது 1, 7, 14, 21ஆம் நாள் அளவுகள், பத்து சதவீதத்துக்குள் ஒரே மட்டத்தில் நின்றால் உள்ளே திசு உயிரோடு வேலை செய்கிறது என்று பொருள். இரண்டு வாரத்தில் மூன்று அளவுகள் ஏறினாலும் அதே முடிவு. உங்கள் தம்பி மனைவியின் நான்கு எண்களும் அந்த விதிக்குள் அச்சாக உட்காருகின்றன. டாக்டர் அவசரப்படவில்லை, நான்காவது எண்ணுக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்.

மிளகாய்ப்பொடி சொன்ன ஓர்ப்படி கதையும் பொய் இல்லை. முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் தானாகவே இறங்கிவிடும். சுமார் 15லிருந்து 20 சதவீதம் பேருக்குத்தான் இப்படி நிற்கும் அல்லது ஏறும். எல்லோருக்கும் வாரா வாரம் ரத்தம் எடுப்பதே அந்த ஐந்தில் ஒருவரைக் கண்டுபிடிக்கத்தான்.

செம்பருத்தி

நன்றி அண்ணா. தம்பிக்கு அப்படியே படித்துக் காட்டினேன், 541ஐ அடித்துவிட்டான். நேராகவே கேட்கிறேன், இது புற்றுநோயா இல்லையா? டாக்டரிடம் அம்மா கேட்டதற்கு "அந்த வகை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னொன்று, அவள் பப்பாளி சாப்பிட்டதால்தான் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு.

ராத்திரி_ஷிஃப்ட் (தாதி, தீவுப்பக்கம்)

செம்பருத்தி அக்கா, பப்பாளியை முதலில் முடித்துவிடுகிறேன். முழு முத்துப்பிள்ளை, கரு உண்டாகும் அந்த நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. பெரும்பாலும் தாயின் மரபணு இல்லாத சினைமுட்டைக்குள் ஒரு விந்தணு நுழைந்து, அதன் மரபணுவே இரட்டிப்பாகிவிடும். அவள் என்ன சாப்பிட்டாள், பைக்கில் போனாளா, சுமை தூக்கினாளா, எதற்கும் இதில் பங்கில்லை. சம்பந்தி வீட்டில் இதைச் சொல்லும்போது "மரபணு முழுக்க அப்பாவுடையது" என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லலாம், நான் தடுக்கமாட்டேன்.

இப்போது கேள்விக்கு. நஞ்சுக்கொடித் திசு இயல்பிலேயே கருப்பைச் சுவருக்குள் புகுந்து வேர்விடும் குணம் உள்ளது. அப்படி இல்லாவிட்டால் எந்தக் குழந்தையும் ஒட்டாது. முத்துப்பிள்ளையில் அந்தத் திசு கட்டுப்பாடில்லாமல் பெருகுகிறது. சுத்தம் செய்த பிறகும் சுவருக்குள் கொஞ்சம் தங்கி வளர்ந்தால் அதைக் கர்ப்பத் திசுக்கட்டி என்ற வகையில் சேர்க்கிறோம். பலருக்கு அது சுவரைத் துளைப்பதோடு நிற்கும். சிலருக்குக் கோரியோகார்சினோமா என்ற நிஜமான புற்றாக மாறி ரத்தம் வழியே நுரையீரலுக்குப் போகும். அதற்காகத்தான் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருப்பார்கள். சதையைத் திரும்ப வெட்டிப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டியதில்லை, ரத்தம் பீறிடும் என்பதால் வெட்டவும் தயங்குவோம். எண்ணை நம்பியே சிகிச்சை தொடங்கும் புற்று வகை மருத்துவத்தில் ரொம்ப அபூர்வம். அதனால்தான் அந்த டாக்டர் "அந்த வகை" என்றிருக்கிறார். உட்காரவைத்து விளக்கியிருக்கலாம். நான்தான் பார்க்கிறேனே, அந்தக் கிளினிக் நாளில் வாசல்வரை வரிசை நிற்கும்.

வயது, முன்னால் எந்தக் கர்ப்பம், எத்தனை மாத இடைவெளி, எச்.சி.ஜி அளவு, எங்கே பரவியிருக்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். 6 வரை என்றால் ஆபத்து குறைவு, ஒரே மருந்து போதும். 7ம் அதற்கு மேலும் என்றால் பல மருந்துகள் சேர்த்து. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் குறைவான பக்கம் மாதிரி தெரிகிறது, ஆனால் மதிப்பெண் அவர்கள் போடுவதுதான். குறைந்த ஆபத்தில் குணமாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு. ஒரு மருந்துக்கு மசியாவிட்டால் ஆக்டினோமைசின் என்ற இன்னொரு மருந்துக்கு மாற்றுவார்கள், அதற்கும் மசியாவிட்டால் கூட்டு மருந்து.

வழக்கமான முறை எட்டு நாள் சுற்று. 1, 3, 5, 7 நாட்களில் தசையில் மெத்தோட்ரெக்சேட் ஊசி. இடையிடையே 2, 4, 6, 8 நாட்களில் ஃபோலினிக் ஆசிட் மாத்திரை. பிறகு ஓய்வு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த சுற்று. இந்த அளவில் பெரும்பாலும் முடி கொட்டாது. வாய்ப்புண் வரும், சிலருக்குக் கண் எரியும், நெஞ்சு வலிக்கும். வாய்ப்புண் வந்தால் சொல்லாமல் இருக்கவேண்டாம். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, காரம் குறைத்த தயிர்சாதம்.

கட்டாயம் ஒன்று செய்யுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) கர்ப்பம் பதிந்தபோது கொடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கும். சத்துக்கு நல்லது என்று யாராவது அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எடுத்து ஒளித்துவையுங்கள். வலிக்கு புரூஃபன் வகை மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

மிளகாய்ப்பொடி

ஃபோலினிக் மாத்திரை நீங்களே கொடுப்பீர்கள், ஃபோலிக் மாத்திரை நாங்கள் கொடுத்தால் தப்பா? புரியவில்லை. குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே.

பழைய_புத்தகம் (கோலாலம்பூர்)

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை, மன்னிக்கவும், கொஞ்சம் நீளும்.

வேகமாகப் பெருகும் திசுவுக்கு ஃபோலிக் ஆசிட் வேண்டும். மெத்தோட்ரெக்சேட் அந்த ஃபோலிக் ஆசிட்டை உடம்பு பயன்படுத்தும் வழியை அடைத்துவிடும். பெருகும் திசு பட்டினியில் சாகும். ஃபோலினிக் என்பது அடைத்த கதவைத் தாண்டி உள்ளே போய்விடும் வடிவம். ஊசி போட்டு ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் வாய், குடல், எலும்பு மஜ்ஜையில் உள்ள நல்ல திசுக்கள் தப்பிக்கும். நேரம் கணக்குப் பார்த்துக் கொடுப்பது அதனால்தான். நினைத்தபோது ஃபோலிக் கொடுத்தால் ஊசியின் வேலையையே கெடுக்கலாம்.

இந்த மருந்துக் குடும்பத்தின் முன்னோடி அமினோப்டெரின். அதைச் செய்தது அமெரிக்காவில் லெடர்லே நிறுவனத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் இருந்த குழு. ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நம் ஆட்களில் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது.

அப்புறம் மின் சியு லி. சீனாவில் பிறந்தவர், அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் ராய் ஹெர்ட்ஸோடு வேலை பார்த்தவர். 1956இல் கோரியோகார்சினோமா நுரையீரலுக்குப் பரவிய பெண்களுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் கட்டி மறைந்தது. மற்றவர்கள் என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். சிறுநீரில் இந்த ஹார்மோன் இன்னும் வருகிறதே என்று லி தொடர்ந்து கொடுத்தார். கட்டி போன பிறகும் நஞ்சைக் கொடுக்கிறார் என்று சொல்லி அடுத்த ஆண்டு அவரை வேலையைவிட்டே அனுப்பிவிட்டார்கள். பாதியில் நிறுத்தப்பட்ட பெண்களுக்கு நோய் திரும்பியது, லி கடைசிவரை கொடுத்தவர்களுக்குத் திரும்பவில்லை. 1972இல் லாஸ்கர் விருது கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்த்தார்கள். பீட்டாவை மட்டும் தனியாகப் பிடித்து ரத்தத்தில் அளக்கும் முறையை வைட்டுகைட்டிஸ், பிரான்ஸ்டைன், ராஸ் மூவரும் வெளியிட்டதும் அதே 1972தான். லி சிகிச்சை கொடுத்த காலத்தில் நோயாளியின் சிறுநீரை எலிக்கு ஊசி போட்டுத்தான் பார்ப்பார்கள்.

ராத்திரி_ஷிஃப்ட்

லி செய்ததை இன்றும் வார்டில் செய்கிறோம். எண் இயல்புக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று சுற்று கூடுதலாகப் போடுவோம். "பூஜ்யம் வந்துவிட்டதே, எதற்கு இன்னும்?" என்று கேட்டுக்கொண்டு வராமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்றால் எந்திரத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். செம்பருத்தி அக்கா, இதை மட்டும் தம்பியிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

கூலிம்காரன்

ஆம்பளை உள்ளே வரலாமா? இந்த எச்.சி.ஜி எனக்கும் எடுத்திருக்கிறார்கள்.

விரையில் கட்டி. வலியே இல்லை, குளிக்கும்போதுதான் கைக்குப் பட்டது. யூராலஜி டாக்டர் சீட்டில் மூன்று பரிசோதனை எழுதினார்: ஏ.எஃப்.பி, எல்.டி.எச், பீட்டா எச்.சி.ஜி. விரையில் புற்று இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடியவையாம். ரத்தம் எடுக்கும் கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மனைவி எங்கே அண்ணே?" என்றார். கம்ப்யூட்டரில் கடைசி மாதவிடாய் தேதி என்று ஒரு கட்டம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்றது. பின்னால் வரிசையில் இருந்த சீனப் பாட்டி வரைக்கும் சிரித்துவிட்டார்.

விரையை எடுத்த பிறகு அந்த எண் வேகமாக இறங்கவேண்டுமாம். ஒன்று ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகும் என்றார் டாக்டர். எனக்கு முதலில் இறங்கி அப்புறம் ஏறியது. ஸ்கேனில் வயிற்றுக்குள் நிணநீர்க் கட்டி தெரிந்தது. கீமோ முடித்து இப்போது நன்றாக இருக்கிறேன், ஷிஃப்ட் வேலைக்குப் போகிறேன். இதை எழுதுவதற்குக் காரணம், நம் பையன்கள் இந்த இடத்துக் கட்டியை யாரிடமும் சொல்லமாட்டார்கள். சொல்லுங்கடா.

லேப்கோட்டு

கூலிம்காரன் அண்ணே, அந்தக் கட்டம் எல்லா லேபிலும் உண்டு, எங்களுக்கும் தலைவலிதான்.

இதைப் படித்துவிட்டு யாராவது ஃபார்மசியில் கர்ப்பப் பரிசோதனைக் குச்சி வாங்கிக் கணவரைச் சோதிக்கக் கிளம்பவேண்டாம். விரைக் கட்டியில் அதிகம் வரும் வகை செமினோமா. அதில் பெரும்பாலோருக்கு எச்.சி.ஜி ஏறாது. குச்சியில் ஒரே கோடு வந்துவிட்டது, கட்டி ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டால் ஆபத்து. கட்டி இருந்தால் அல்ட்ராசவுண்ட், அவ்வளவுதான்.

ஐம்பது_பிளஸ் (ஆயர் ஈத்தாம்)

எனக்கு வேறு பிரச்சினை. மாதவிடாய் நின்று வருடக்கணக்காகிறது. மாலில் ஒரு லேப், "புற்றுநோய் மார்க்கர் பேக்கேஜ்" என்று சலுகை விலைக்குப் போட்டிருந்தார்கள். மகள் கட்டாயப்படுத்தி எடுக்கவைத்தாள். பீட்டா எச்.சி.ஜி 9. சிவப்பில் நட்சத்திரம் போட்டு "புற்றுநோய் நிபுணரைப் பார்க்கவும்" என்று வந்தது. தூக்கமே போய்விட்டது.

லேப்கோட்டு

இந்தப் பேக்கேஜ்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். ஏற்கெனவே நோய் தெரிந்தவருக்குச் சிகிச்சையைக் கண்காணிக்கத்தான் இந்த மார்க்கர்களில் பெரும்பாலானவை பயன்படும். ஒன்றுமில்லாத ஆளிடம் வலைவீசினால் இப்படி நட்சத்திரம்தான் விழும்.

அம்மா, மாதவிடாய் நின்றவர்களுக்கு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியே கொஞ்சம் எச்.சி.ஜி சுரக்கும். 9 என்பது அந்த வரம்புக்குள் சாதாரணமாக வரக்கூடியது. 5க்குக் கீழே இயல்பு என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பது இளவயதுப் பெண்களுக்கான கோடு. குடும்ப டாக்டரிடம் போய் எஃப்.எஸ்.எச் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். அது உயர்ந்திருந்தால் சுரப்பது பிட்யூட்டரிதான் என்பதற்கு நல்ல சான்று. சில வாரம் கழித்து எச்.சி.ஜியை அதே லேபில் திரும்ப எடுத்து, ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. சிலருடைய ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் (நோய் எதிர்ப்புப் புரதம்), எங்கள் சோதனையில் ஹார்மோனைப் பிடிக்க வைத்திருக்கும் எதிர்ப்பொருளோடு ஒட்டிக்கொண்டு இல்லாத ஹார்மோனை இருப்பதாகக் காட்டும். அந்த எதிர்ப்பொருள் சிறுநீருக்குள் இறங்காது. அதனால் ரத்தத்தில் எண் கணிசமாக இருந்து சிறுநீரில் சுத்தமாக இல்லை என்றால் எங்களுக்குச் சந்தேகம் வரும். வேறு கம்பெனி எந்திரத்தில் ஓட்டுவோம், நீர்த்து ஓட்டுவோம். இல்லாத புற்றுக்கு கீமோவும் அறுவையும் செய்த கொடுமை இதனால் வெளிநாடுகளில் நடந்திருக்கிறது. உங்கள் 9க்கு சிறுநீர் உதவாது, அந்தக் குச்சிகள் 20, 25க்கு மேல்தான் பிடிக்கும்.

நேர்மாறாகவும் ஏமாற்றும். முத்துப்பிள்ளையில் எண் பல லட்சத்தைத் தாண்டினால் சோதனையின் எதிர்ப்பொருள் திணறிப்போய்க் குறைவாகக் காட்டும். வயிறு பெரிதாக இருக்கிறது, விடாமல் வாந்தி, சிறுநீர்க் குச்சியோ இல்லை என்கிறது. அப்படி ஒரு மாதிரி வந்தபோது வார்டிலிருந்து போன் பண்ணி "நீர்த்து ஓட்டுங்கள்" என்றார் ஒரு இளம் டாக்டர். நீர்த்த குழாயில் எண் மேலே போய்க்கொண்டே இருந்தது. அந்த டாக்டர் சந்தேகப்படாவிட்டால் நாங்கள் முதல் எண்ணையே அனுப்பியிருப்போம்.

புதுசு_அம்மா

எனக்கு நான்கு வாரம் ஆகிறது. முதல் ரத்தத்தில் 86, 48 மணி நேரம் கழித்து 131. இரட்டிப்பாகவில்லையே, எனக்கும் முத்துப்பிள்ளையா? வேர்த்துக் கொட்டுகிறது.

லேப்கோட்டு

இல்லைம்மா, முத்துப்பிள்ளையில் எண் எகிறும், இழுத்துக்கொண்டு போகாது. இரட்டிப்பாகவேண்டும் என்பது பழைய வாய்ப்பாடு. 1,500க்குக் கீழே தொடங்கும் கர்ப்பத்தில் இரண்டு நாளில் குறைந்தது 49 சதவீதம் ஏறினால் போதும் என்கிறார்கள். உங்களுடையது 52. விளிம்பில் இருக்கிறது, அதனால் டாக்டர் இன்னொரு முறை எடுப்பார், பிறகு ஸ்கேன். எண் நன்றாக இருந்தாலும் கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கலாம். ஒருபக்க வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் எண்ணைப் பார்க்காமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். எட்டிலிருந்து பதினொன்றாவது வாரத்துக்குள் உச்சம் தொட்டுவிட்டு அது தானாகவே இறங்கும், அப்போதும் பயந்து இங்கே எழுதாதீர்கள்.

மட்டுறுத்துநர்

ஆரம்பக் கர்ப்ப எண்களுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். கருஞ்சீரகப் பதிவை நீக்கச் சொல்லிப் புகார்கள் வந்தன. கீழே பதில் இருப்பதால் விட்டுவைக்கிறேன்.

செம்பருத்தி

மதிப்பெண் குறைவான பக்கம்தான் என்றார்கள், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். முதல் சுற்று முடிந்தது. எண் 188. உதட்டுக்குள் இரண்டு புண், மற்றபடி சாப்பிடுகிறாள். ஃபோலிக் மாத்திரை உண்மையிலேயே அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. இரும்பு மாத்திரை என்று நினைத்துக் காலையில் ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தாராம். டாக்டரிடம் சொல்லிவிட்டோம்.

இப்போது அம்மாவின் அடுத்த கேள்வி: எப்போது பேரப்பிள்ளை? அதுவரைக்கும் என்ன பாதுகாப்பு? அவள் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடை வளையம் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள், மாத்திரை மறந்துவிடுமாம்.

ராத்திரி_ஷிஃப்ட்

188 நல்ல இறக்கம். கடைசிச் சுற்று முடிந்து ஒரு வருடம் கர்ப்பம் வேண்டாம். மருந்துக்காக மட்டும் இல்லை. நடுவில் கர்ப்பமானால் எண் ஏறும், அது குழந்தையா, திரும்பி வந்த நோயா என்று ரத்தத்தை வைத்து எங்களால் சொல்லமுடியாது. ஒரு வருடத்துக்குப் பிறகு பெரும்பாலோர் இயல்பாகக் கர்ப்பமாகிறார்கள். மறுபடி முத்துப்பிள்ளை வருவது நூற்றில் ஒருவருக்குத்தான். அடுத்த கர்ப்பத்தில் சீக்கிரமே ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், போய்விடுங்கள்.

வளையம் இப்போது கூடாது. எண் இயல்புக்கு வரும்வரை கருப்பைச் சுவர் பலவீனமாக இருக்கும், துளைத்துவிடலாம். ஆணுறையோ மாத்திரையோ போதும், மாத்திரை எது என்று கிளினிக்கில் கேளுங்கள். மறதி என்றால் போனில் அலாரம் வைத்துக் கொடுங்கள். எண் இயல்பான பிறகு வளையத்தைப் பற்றி அதே கிளினிக்கில் பேசலாம். போகும்போது அந்த எண் எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு புது டாக்டர் உட்கார்ந்திருப்பார்.